தட்டும் தாடையெலும்பும்

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால் நாம் பிரஷ்ஷை மாற்றுகிறோம், பற்பசையை மாற்றுகிறோம், இன்னும் சிலர் துலக்குவதையே குறைத்துக்கொள்கிறார்கள். என்ன சாப்பிடுகிறோம் என்று அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை. சொத்தைப் பல் என்றால் இனிப்பைக் குறை சொல்லத் தெரிந்த நமக்கு, ஈறுநோய் என்றால் உணவு நினைவுக்கு வருவதில்லை. உலகில் 100 கோடிக்கும் அதிகமானோர் கடுமையான ஈறுநோயோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இவ்வளவு பேரைப் பீடிக்கும் நோயில் உணவின் பங்கு என்ன, எவ்வளவு, எங்கே அது நின்றுவிடுகிறது என்பதை ஆய்வுகளை வைத்துப் பேச விரும்புகிறேன். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈறுநோயைத் தொடங்கி வைப்பது பல்லில் படியும் கிருமிப்படலம். அதற்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது, அந்தப் பதிலில் எவ்வளவு எலும்பு கரைகிறது என்பதில் நம் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. உணவைக் கேட்காமல் செய்யும் ஈறு மருத்துவம் பாதி மருத்துவம்.

பல் எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். பல்லின் வேர் தாடையெலும்பில் உள்ள குழிக்குள் இருக்கிறது. வேருக்கும் குழியின் எலும்புக்கும் இடையே கொலாஜன் என்ற புரத நார்களாலான மெல்லிய தசைநார் உண்டு. ஈறு இவற்றை மேலிருந்து மூடிக் காக்கிறது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிப்படலம் தங்கினால் ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டால் கசிகிறது. இது முதல் கட்டம். சுத்தம் செய்தால் முழுவதும் சரியாகிவிடும். சிலருக்கு அழற்சி அடியில் இறங்கி, நார்கள் அறுந்து, குழியின் எலும்பு கரையத் தொடங்குகிறது. மண் அரித்துப்போன கம்பம்போலப் பல் ஆட்டம் காண்பது அதற்குப் பிறகுதான். இந்த எலும்பைக் கிருமி நேரடியாகத் தின்பதில்லை. கிருமியோடு போராடும் நம் உடம்பின் நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அந்தத் தூண்டலுக்கு முக்கியத் தூதுவராக இருப்பது ராங்க்-எல் என்ற புரதம். 1990களின் இறுதியில் அது கண்டறியப்பட்டபோது ஒரு பெரிய உண்மை தெளிவானது. மாதவிடாய் நின்ற பெண்ணின் முதுகெலும்பு மெலிவதும், முடக்குவாதத்தில் விரல் மூட்டின் எலும்பு அரிபடுவதும், ஈறுநோயில் பற்குழி எலும்பு கரைவதும் இதே வழியாகத்தான் நடக்கின்றன. ஆகவே தாடையெலும்பை வாய்க்குள் இருக்கும் தனித் தீவாகக் கருத முடியாது. உடம்பு முழுதும் ஓடும் அழற்சியும், எலும்பைக் கட்டும் சத்துகளின் வரவும் அதையும் தொடுகின்றன.

கிருமிப்படலத்தின் பங்கை ஐயமின்றி நிறுவியவர் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்று சொல்லிக் கவனித்தார். 10 முதல் 21 நாள்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் போனது. பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் முதல் பாடமாகச் சொல்லப்படுவது இதுதான். ஆனால் அதே லோ பின்னர் இலங்கையில் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது; அது எழுப்பும் கேள்வியும் இன்னும் பெரியது. மலையகத் தமிழரின் உழைப்பால் எழுந்த தேயிலைத் தோட்டங்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, 480 ஆண் தொழிலாளர்களை 1970இல் பரிசோதித்தார்கள். பிறகு 1985 வரை ஐந்து முறை திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ எட்டாத மக்கள் அவர்கள். எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி கனத்த படலமும், அது கல்லாக இறுகிய காரையும். ஏறத்தாழ எல்லா ஈறுகளிலும் அழற்சி. சொத்தை மட்டும் அநேகமாக இல்லை. விழுந்த பற்கள் ஈறுநோயால்தான் விழுந்தன. இப்படி ஒரே அளவு அழுக்கு இருந்தும் முடிவு ஒன்றாக இல்லை. சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு நடுத்தர வேகம். 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி எதுவுமே நடக்கவில்லை. 35 வயதில் முதல் குழுவினர் பல்லை ஈறோடும் எலும்போடும் இணைக்கும் பற்றில் சராசரி 9 மில்லிமீட்டரை இழந்திருந்தார்கள். கடைசிக் குழுவினர் இழந்தது 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. பல் மருத்துவத்தின் மிகப் பெரிய பாடங்களில் ஒன்று, மருத்துவமே எட்டாத தொழிலாளிகளின் வாயிலிருந்து எழுதப்பட்டது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை இந்த மேடையில் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை.

கிருமி சமம், விளைவு சமமில்லை என்றால், வேறுபாடு உடம்பில் இருக்கிறது. மரபணு, புகையிலை, நீரிழிவு, உடம்பின் எதிர்ப்பாற்றல் எல்லாம் அதற்குள் வரும். உணவும் வருமா? இங்கே கவனமாக இருக்க வேண்டும். இந்த ஆய்வு அந்தத் தொழிலாளர்களின் உணவைக் காரணமாக நிறுவவில்லை. அப்படிச் சொல்பவர் ஆய்வைத் தாண்டிப் பேசுகிறார். அதற்கும் முன்பே வந்த கணக்கெடுப்புகள் என் வாதத்துக்கு நேர் எதிரான திசையில் சாட்சி சொல்கின்றன. அமெரிக்காவின் ரஸ்ஸல் 1950களிலும் 60களிலும் பல நாடுகளில் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்போடு பற்களையும் பரிசோதித்தார். நார்வேயின் வேர்ஹாக் இலங்கையில் வைட்டமின் குறைபாடு, ஊட்டக்குறைவு, வெற்றிலை, புகையிலை, இனம் என்று அத்தனையையும் சேர்த்து ஆராய்ந்து 1967இல் அறிக்கை வெளியிட்டார். வயதும் வாய்த் தூய்மையுமே நோயின் பெரும்பகுதியை விளக்குகின்றன என்பதே இந்த வகை ஆய்வுகளின் முடிவு. அதோடு உணவு பற்றிய பேச்சு பல் மருத்துவத்தில் ஏறக்குறைய அடங்கிப்போனது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அது முழுமையானதென்று கருதவில்லை. வாயில் காரை மலைபோல் குவிந்துள்ள மக்களிடையே உணவின் நுண்ணிய விளைவு கண்ணுக்குத் தெரிவது கடினம். பெரிய காரணம் சிறிய காரணத்தை மறைத்துவிடும். மேலும், அந்தக் காலத்து ஊட்டச்சத்து ஆய்வுகளின் கண் பற்றாக்குறையின் மீதே இருந்தது. இன்று நம்மைச் சூழ்ந்திருக்கும் மிகை, அதாவது சர்க்கரையும் தீட்டிய மாவும் எண்ணெய்ப் பலகாரமும் உடம்பில் மூட்டிவிடும் மெல்லிய நெடுங்கால அழற்சி, அன்றைய கேள்வித்தாளில் இல்லை.

பற்றாக்குறை ஈறைத் தொடும் என்பதற்கு மறுக்க முடியாத சான்று ஸ்கர்வி. மாதக்கணக்கில் கடலில் உப்பிறைச்சியும் உலர்ந்த பிஸ்கட்டும் தின்ற மாலுமிகளின் ஈறு பஞ்சுபோல் வீங்கி, ரத்தம் வடிந்து, பற்கள் கழன்றன. கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747இல் சாலிஸ்பரி கப்பலில் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைந்து எழுந்தார்கள். காரணம் இன்று நமக்குத் தெரியும். கொலாஜன் நார்கள் முறுக்கேறி உறுதிப்படத் தேவையான நொதிகள் வைட்டமின் சி இல்லாமல் வேலை செய்யா. பல்லைப் பிடித்திருக்கும் தசைநாரில் கொலாஜன் மிக வேகமாக அழிந்து புதுப்பிக்கப்படுவதால் குறைபாடு அங்கே சீக்கிரம் வெளிப்படுகிறது. எலும்பின் உள்கூடும் கொலாஜன்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கால்சியம் அதன்மேல்தான் படிகிறது. ‘ஸ்கர்வி இன்று யாருக்கு வருகிறது?’ என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் விடை தேடியிருக்கிறார்கள். 1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆரோக்கியமான 11 ஆண்களின் உணவில் வைட்டமின் சி அளவை வாரக்கணக்கில் குறைத்தும் கூட்டியும் பார்த்தார்கள். ஸ்கர்வி வரும் அளவுக்கு யாரையும் கொண்டுபோகவில்லை. பல்லில் படலத்தின் அளவு மாறவில்லை. ஆனால் ஈறின் அழற்சியும் கசிவும் வைட்டமின் குறையக் கூடின, கூடக் குறைந்தன. பற்றிழப்பில் அந்தக் குறுகிய காலத்தில் மாற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி என்று பரிந்துரைத்தது. 100 கிராம் கொய்யாவில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது. நெல்லிக்காயும் கொய்யாவும் தெருவோரத்தில் கிடைக்கும் நாட்டில், காய்கனி தட்டில் விழாமல் சோறும் குழம்புமே மூன்று வேளையும் ஓடுவதும், இருக்கிற காயையும் நெடுநேரம் கொதிக்கவைத்து இந்த வைட்டமினை அழித்துவிடுவதும் வருத்தமானது.

கிருமிப்படலத்தைக் குறைக்காமல் உணவை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நேரடியான சோதனைகள் இரண்டைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் 10 பேர் நான்கு வாரம் கற்கால வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தார்கள். பிரஷ் கிடையாது; பற்பசை கிடையாது. வாற்கோதுமை, கோதுமை, காட்டுப் பழங்கள், மூலிகைகள், கொஞ்சம் தேன், பால், ஆட்டிறைச்சி, கோழி இவையே உணவு. சுத்திகரித்த சர்க்கரை இல்லை. 2009இல் வெளியான முடிவின்படி பல்லில் படலம் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியிருந்தது. லோவின் பாடப்படி எல்லோருக்கும் ஈறு கசிந்திருக்க வேண்டும். நடந்ததோ, ஆய்வுக்கருவி தொட்டால் கசியும் இடங்கள் 34.8 விழுக்காட்டிலிருந்து 12.6 விழுக்காடாகக் குறைந்தன. 2016இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தார் இதை ஒழுங்கான சோதனையாகச் செய்தார்கள். 10 பேருக்கு மாவுச்சத்து குறைந்த, ஒமேகா-3 கொழுப்பும் நார்ச்சத்தும் வைட்டமின் சி, டி ஆகியவையும் நிறைந்த உணவு. ஐந்து பேர் வழக்கமான உணவிலேயே இருந்தார்கள். படலத்தின் அளவில் மாற்றமில்லை. உணவு மாற்றியவர்களின் ஈறு அழற்சி நான்கே வாரத்தில் ஏறத்தாழ பாதியானது. பத்துப் பேரையும் பதினைந்து பேரையும் வைத்து உலகுக்குப் பொதுவிதி எழுத முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. சுவிஸ் ஆய்வில் ஒப்பிட வேறு குழுவே இல்லை. ஈறின் தோற்றத்தை மதிப்பிடும் இன்னொரு குறியீட்டில் அங்கே பெரிய மாற்றமும் இல்லை. இரண்டிலும் பல சத்துகள் ஒரே நேரத்தில் மாறியதால் எது வேலை செய்தது என்று பிரித்தறிய முடியாது. நான்கு வாரம் எலும்பின் கணக்கில் ஒன்றுமே இல்லை. இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. படலம் இருந்தும் கசிவு குறைய முடியும் என்பதற்கு இவை சாட்சி. அளவில் பெரிய ஆய்வுகளும் இதே பக்கம் சாய்கின்றன. 34,000க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண் சுகாதாரப் பணியாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2006இல் வெளியானது. முழுத்தானியத்தை அதிகம் உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட ஈறுநோய் வாய்ப்பு 23 விழுக்காடு குறைவாக இருந்தது.

சர்க்கரை நம் வாயில் செய்யும் வேலையைப் பொதுவாகச் சொத்தையோடு நிறுத்திவிடுகிறோம். ரத்தத்தில் அது செய்யும் வேலை ஈறுக்கு இன்னும் ஆபத்தானது. ரத்தச் சர்க்கரை நீண்ட காலம் உயர்ந்திருந்தால் அது புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய புரதங்கள் நோயெதிர்ப்புச் செல்களை ஓயாத கோபத்தில் வைக்கின்றன. வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்வதில் மந்தமாகின்றன, சுற்றியுள்ள திசுவை அழிப்பதில் வேகமாகின்றன. சிறு ரத்தக்குழாய்கள் கெடுவதால் ஈறுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறத் தாமதமாகிறது. நீரிழிவைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கு ஈறுநோய் அதிகமாகவும் கடுமையாகவும் வருவது இதனால்தான். எதிர்த் திசையிலும் ஒரு பாதை உண்டு. ஈறின் அழற்சியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள்கள் இன்சுலின் வேலையைக் கெடுக்கின்றன. ஈறுநோய்க்குச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது என்று 2022இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. அதாவது ஏழு பேரில் ஒருவர். இதே தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு நான்கு வேளை டீ, வேளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்பது யாரையும் திடுக்கிட வைக்காத பழக்கம். அதுவே 35, 40 கிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015இல், சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 5 விழுக்காட்டுக்குள், அதாவது 25 கிராம் அளவில் நின்றால் இன்னும் நல்லது என்றது. டீக்கடையிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். பிஸ்கட்டும் குளிர்பானமும் பண்டிகைப் பலகாரமும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

எலும்புக்கு வருவோம். நம் உணவின் வரலாற்றில் குன்னூருக்கு ஓர் இடம் உண்டு. ராபர்ட் மெக்காரிசன் 1918 முதல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஊட்டக்குறை நோய்களை ஆராய்ந்தார். அந்த ஆய்வகமே பின்னாளில் ஹைதராபாதுக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக்குட்டிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது, கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு தின்றவை நன்றாக வளர்ந்தன. வளர்ச்சியில் கடைசியில் நின்றது சென்னை மாகாணத்து அரிசி உணவு. எலியின் எடையை வைத்து மனிதரின் ஈறைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் துணியவில்லை. தீட்டிய அரிசியே தட்டின் பெரும்பகுதியானால் எதுவெல்லாம் குறையும் என்ற கேள்வியைத் தமிழ் மண்ணில் அறிவியலாகக் கேட்டது அந்த ஆய்வகம் என்பதே எனக்கு முக்கியம். கால்சியத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் என்று இருந்த இந்தியப் பரிந்துரை 2020இல் 1,000 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. 100 கிராம் தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமை ஒட்டியே கால்சியம் இருக்கிறது. நாள் முழுவதும் சாப்பிடும் அரிசி 40 மில்லிகிராம் கொடுத்தால் அதிகம். 100 கிராம் கேழ்வரகில் 340க்கும் மேல். பசும்பாலில் 120 அளவு. கேழ்வரகிலும் ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஆனால் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. இரவில் கரைத்து வைத்துப் புளித்த பின் காய்ச்சிய கூழும், முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சியும் அறிவியலின் கண்ணிலும் நல்ல சமையல்தான். கீரையில் எச்சரிக்கை தேவை. பாலின் கால்சியத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்கிறது. ஆக்ஸலேட் மிகுந்த பாலக்கீரையில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். கீரைக்குக் கீரை இது வேறுபடும். எனவே ஒரே கீரையை நம்பாமல் மோர், தயிர், கேழ்வரகு, முள்ளோடு தின்னும் நெத்திலி என்று பல வழியில் தேடுவதே சரி. கால்சியம் குடலில் ஏற வைட்டமின் டி வேண்டும். வெயில் இருக்கும் நாட்டில் அதற்குக் குறைவில்லை என்ற நம்பிக்கையைத் திருப்பதி வட்டாரத்தில் நடந்த ஆய்வுகள் அசைத்துவிட்டன. நகரத்தாரைவிட வெளியில் உழைக்கும் ஊரகத்தாருக்கு அது கூடுதலாக இருந்தாலும் இரு சாராரிடமும் போதாமை பரவலாக இருந்தது. இரு சாராரின் உணவிலும் கால்சியம் குறைவு.

இந்தச் சத்துகள் பல்லைக் காக்கும் என்பதற்கு நேர்ச் சான்று உண்டா? அமெரிக்காவில் எலும்பைக் காப்பதற்காக 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று ஆண்டு கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்த சோதனையில் பற்களையும் எண்ணினார்கள். 2001இல் வந்த முடிவு இது: மாத்திரை பெற்றவர்களில் 13 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 27 விழுக்காட்டினரும் ஒரு பல்லாவது இழந்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் 145 பேர்தான்; பல் விழுந்ததன் காரணமும் ஒன்றாக இருந்திருக்காது. ஆகவே இதை உறுதிப்பாடாகக் கொள்ளாமல் நம்பிக்கை தரும் அடையாளமாக வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் எல்லோரும் மாத்திரை விழுங்கலாமே என்று தோன்றும். 36,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த அமெரிக்கச் சோதனை 2006இல் சொன்னதைக் கேளுங்கள்: இடுப்பெலும்பின் அடர்த்தி சுமார் 1 விழுக்காடு கூடியது, எலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது. குறைபாடு இருப்பவருக்கு மருத்துவர் சொல்லும் மாத்திரை மருந்து. குறைபாடு இல்லாதவர் விளம்பரம் பார்த்து வாங்கும் மாத்திரை அப்படியல்ல. புரதத்தைப் பற்றியும் ஒரு பயம் நிலவுகிறது. இறைச்சியும் முட்டையும் ரத்தத்தை அமிலமாக்கி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிவிடும் என்ற கருத்தைத் தொகுத்தாய்ந்தவர்கள் அதற்கு ஆதாரமில்லை என்றே கண்டார்கள். கொலாஜன் புரதத்தால் ஆனது. பருப்பும் முட்டையும் குறைந்த தட்டில் எலும்புக்கு இழப்புதான்.

இங்கே இன்னொரு மறுப்புக்கு விடை சொல்ல வேண்டும். ‘முன்னோர் உணவை உண்டால் போதும், பிரஷ் எதற்கு?’ என்ற குரல் இப்போது ஓங்கி ஒலிக்கிறது. அந்தக் குரலுக்கு இலங்கைத் தோட்டத்து ஆய்வே விடை. சொத்தை அநேகமாக இல்லாத அந்த மக்களின் பற்கள் ஈறுநோயால் விழுந்தன. சொத்தை வராத வாய் என்பதால் ஈறு தப்பிவிடவில்லை. கடினமான உணவை மென்றால் பல் தானே சுத்தமாகும் என்பதும் பாதி உண்மைதான். கரும்பும் கேரட்டும் பல்லின் மேல்பரப்பைத் தேய்க்கலாம், ஈறின் விளிம்புக்கும் பல் இடுக்குக்கும் அவை போவதில்லை. புகையிலையின் முன்னால் உணவு மிகப் பலவீனமானது. புகைப்பவரின் ஈறில் ரத்தக்கசிவே குறைவாகத் தெரியும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அவருக்கு நெல்லிக்காயைப் பரிந்துரைத்துவிட்டு பீடியைப் பற்றிப் பேசாமல் விடுவது ஏமாற்று. உணவு ஆய்வுகளில் பலவற்றின் பலவீனமும் இங்கேதான். காய்கனி அதிகம் உண்பவர் பெரும்பாலும் புகைக்காதவர், வசதியுள்ளவர், பல் மருத்துவரிடம் போகிறவர். புள்ளியியல் முறையில் இவற்றைக் கழித்தாலும் முழுதும் கழியா. அதனால்தான், படலம் குறையாமல் உணவு மாறிய சிறு சோதனைகளுக்கு, அவை சிறியவையாக இருந்தபோதும், நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன்.

காரணமும் விளைவும் இடம் மாறும் ஒரு கட்டமும் உண்டு. பல் ஆடத் தொடங்கியவர் முதலில் கைவிடுவது காய், பழம், பயறு, முழுத்தானியம், இறைச்சி. மிஞ்சுவது குழைந்த சோறு, டீயில் தோய்த்த பன், பிஸ்கட். புரதமும் நாரும் வைட்டமினும் ஒரே நேரத்தில் குறைகின்றன, சர்க்கரை கூடுகிறது, மிச்சப் பற்களின் எலும்பும் இடுப்பின் எலும்பும் சேர்ந்து மெலிகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவும் இதில் சேர்ந்துகொள்கிறது. நம் வீடுகளில் எல்லோரும் உண்ட பிறகு மிச்சத்தை உண்ணும் பழக்கமும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். பல் போன பாட்டிக்குக் கஞ்சி போதும் என்று வீட்டார் அன்போடு நினைக்கிறார்கள். அந்தக் கஞ்சி அரிசிக் கஞ்சியா கேழ்வரகுக் கஞ்சியா, அதில் பாலோ மோரோ பயறோ சேர்ந்ததா என்பதில் அவருடைய இடுப்பெலும்பின் கதி இருக்கிறது.

இங்கே இருக்கும் பல் மருத்துவர்களிடமும் மாணவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை. நோயாளியின் பதிவுத்தாளில் புகையிலைக்கும் நீரிழிவுக்கும் இடம் இருக்கிறது; உணவுக்கும் நான்கு வரி இடம் விடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டீ, எவ்வளவு சர்க்கரை, பழமும் பச்சைக் காயும் வாரத்தில் எத்தனை நாள், பால், தயிர், கேழ்வரகு, மீன் இவற்றில் எது உண்டு என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். காரையை எடுத்து, துலக்கக் கற்றுக்கொடுத்த பிறகும் ஈறு கசிந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐம்பதைக் கடந்த பெண்ணுக்குப் பற்குழி எலும்பு வேகமாகக் கரைவதை எக்ஸ்-ரேயில் கண்டால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். பொது மருத்துவர்களும் நீரிழிவு நோயாளியின் பாதத்தைப் பார்ப்பதுபோல வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அரசிடமும் ஒரு கோரிக்கை. 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது; அதை மற்ற மாவட்டங்களுக்கும் விரிக்க வேண்டும். கேழ்வரகைக் காசு கொடுத்துக் கடையில் வாங்க முடியாதவருக்கு இந்தச் சொற்பொழிவால் பயன் எதுவும் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இவ்வளவுதான்: இரவில் துலக்காமல் படுக்காதீர்கள், டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள், நாளுக்கு ஒரு பழமாவது தின்னுங்கள், ஈறில் ரத்தம் வந்தால் இரண்டு வாரத்துக்குமேல் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.